மங்காஃப் மாத்திரை

“இந்த டாக்டரம்மா மருந்துக் கம்பெனிக்காரன்கிட்ட நல்லா கமிஷன் வாங்கறாங்க. எழுதி வைங்க, ரகுநாதன்!”

கௌஸ் முகம்மது சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குவைத்தில் அந்த மருந்து ஆய்வுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆம்பூர்க்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

நாடு முழுக்க டாக்டர்கள் எழுதும் மருந்துச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்திருந்த நேரம். எந்த மருந்து உண்மையிலேயே பலன் தருகிறது என்று அந்தச் சீட்டுகளிலிருந்து கண்டுபிடிப்பதுதான் ரகுநாதனின் வேலை.

தொழிலாளர் கேம்ப்கள் நிறைந்த மங்காஃப் பகுதியின் கிளினிக்கில் டாக்டர் வசந்தகுமாரி, வெயிலில் வாடி வந்த தொழிலாளர் எல்லோருக்கும் ஒரே சத்து மாத்திரையை எழுதியிருந்தார். மயக்கமா, தலைவலியா, குமட்டலா... அதே மாத்திரை.

“சார், இதையும் பாருங்க. மத்த இடத்துல வெயில்ல மயங்கினவங்கள்ல பாதிப் பேர் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. இவங்க பேஷண்ட் நானூறு பேர்ல திரும்பி வந்தது ஆறே பேர்! இது கமிஷன் இல்ல சார், கண்டுபிடிப்பு!”

“நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. புதன்கிழமை ரிப்போர்ட் வேணும்.”

ரகுநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்ஸியில் ஏறியதுமே மனைவிக்குப் போன் போட்டான்.

“பத்மா, வெளிநாட்டு மாநாட்டுல பேசக் கூப்பிட்டா எந்த கோட் போடலாம்?”

“உங்ககிட்ட இருக்கறதே ஒரு கோட்டுதாங்க!”

கிளினிக் வாசலில், கார்மேகம் என்ற கட்டடத் தொழிலாளி சீட்டோடு வெளியே வந்தார். மருந்துக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

“அண்ணே, மாத்திரை வாங்கலையா?”

“மாத்திரை எதுக்குங்க? சீட்டு போதும். இதைக் காட்டினா ஃபோர்மேன் ரெண்டு நாள் ரூம்ல படுக்க விடுவான்.”

“அப்போ... மாத்திரையை யாருமே சாப்பிடறதில்லையா?”

“எங்க கேம்ப்ல எவனும் வாங்கினதே இல்லீங்களே!”

மாநாடு, மேடை, கோட்டு எல்லாம் அந்த வெயிலிலேயே ஆவியாகிப் போயின.

சீட்டை வாங்கிப் பார்த்தான். மாத்திரைப் பெயருக்குக் கீழே, கோழி கிறுக்கினாற்போல் ‘இரண்டு நாள் ஓய்வு’. கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்ட வரி.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வெறும் ஓய்வுன்னு எழுதினா, ஃபோர்மேன் ‘நோயே இல்ல, யல்லா, வேலைக்குப் போ’ன்னு கிழிச்சுடறான் சார். மாத்திரைப் பேரு இருந்தா நம்பறான்.” சிரிப்பு மெல்ல அடங்கியது. “போன வருஷம் ஒருத்தர் சைட்லயே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்துட்டார். அதுலேர்ந்து இப்படித்தான். ரிப்போர்ட்ல எழுதினீங்கன்னா என் லைசென்ஸ் போயிடும். எழுதிக்குங்க. ஆனா ஆகஸ்ட் வெயில் முடிஞ்சப்புறம் எழுதுங்க.”

வீட்டுக்கு வந்தவனுக்குப் பொய் எழுதவும் மனமில்லை, காட்டிக் கொடுக்கவும் மனமில்லை. பாதிச் சாப்பாட்டில் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தான். பத்மா பயந்துபோய்த் தண்ணீரை நீட்டினாள்.

கை கழுவிய கையோடு எழுதினான்: ‘இந்த மாத்திரை தனியாகப் பலன் தரும் என்பதற்கு ஆதாரமில்லை. இரண்டு நாள் முழு ஓய்வோடு சேர்த்து எழுதிய இடத்தில் மட்டுமே பலன் தெரிகிறது. ஆகவே கோடையில் நாடு முழுக்க எல்லா டாக்டர்களும் ஓய்வையும் சேர்த்தே எழுத வேண்டும்.’

ஒரு வரிகூடப் பொய் இல்லை!

புதன்கிழமை கௌஸ் சார் அதை இரண்டு முறை படித்தார்.

“சீட்டு எழுதினாங்க, சரி. மாத்திரையை வாங்கினாங்களான்னு பார்த்தீங்களா?”

ரகுநாதன் இழுத்தான். “அது... வந்து சார்...”

“நான் விசாரிச்சேன். ஜூலை மாசம் அந்த கிளினிக் கடையில இந்த மாத்திரை வித்தது மொத்தமே ஒன்பது அட்டை.”

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்க ரகுநாதன் கையை நீட்டினான்.

கௌஸ் சார் பேனாவைத் திறந்தார். ‘இரண்டு நாள்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘மூன்று நாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.