வாத்தும் சிவப்பு வைனும்

"மாட்டிறைச்சியோ? ஐயோ, வேண்டாம் அண்ணை! வினாகிரியில ஊறின இறைச்சி அந்த வைனுக்குச் சரிவராது."

தொலைபேசியில் வந்த பெண்குரல் அடித்துச் சொன்னதும் சில்வெஸ்டர், காடியில் ஊறிய இறைச்சியை வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்தான்.

கெல்சென்கிர்ச்சன் என்ற ஜெர்மன் நகரில் பிட்சா சுட்டுக்கொண்டிருந்தவன், தொண்ணூற்றாறு புரட்டாதியில்தான் ஆர் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கிலுள்ள இந்த உணவகத்துக்கு உதவிச் சமையல்காரனாக வந்திருந்தான். சேர்ந்து மூன்றே நாள். அன்று காலை பெரிய சமையல்காரர் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மத்தியானமோ திராட்சைத் தோட்டக்காரர்கள் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். அந்தக் குளிர்ந்த வடபிரதேசத்துச் சரிவுகளில் விளையும் அவர்களுடைய சிவப்பு வைனுக்கு எந்த உணவகத்தின் சாப்பாடு பொருந்துகிறதோ, அங்கேதான் இந்த வருடத்து வைன் விழா விருந்து.

"எனக்கு வைனைப் பற்றி ஒன்றும் தெரியாதே" என்று அவன் கையை விரித்தபோது, முதலாளியம்மா கெஸ்லர் ஒரு துண்டில் தொலைபேசி எண்ணை எழுதி நீட்டினார்.

"அன்ரனிற்றாவைக் கேள். உங்கள் ஊர்க்காரிதான். ஆறு வருடமாக இங்கே வேலை செய்கிறாள். அவள் சொன்னால் தப்பாது."

பிள்ளைக்குக் கொப்பளிப்பான் அம்மை என்று ஒரு கிழமையாக லீவில் நின்ற அன்ரனிற்றாவை அவன் கண்டதே இல்லை.

"அப்ப என்ன அக்கா செய்யிறது?"

"வாத்து இருக்கோ?"

"ஓம், மூண்டு கிடக்கு."

"பிறகென்ன யோசினை? தோல் மொறுமொறுவெண்டு வாட்டி எடுங்கோ. பக்கத்தில காளான் பிரட்டி வையுங்கோ. மிளகை மட்டும் அள்ளிப் போடாதேங்கோ, எங்கட ஆக்களுக்குச் சமைக்கிற கை அங்கை ஏலாது!"

"கடைசியில சீஸ் வைக்க வேணுமாம்."

"நீலமாப் பூஞ்சணம் பிடிச்சதைத் தொடாதேங்கோ. மெத்தெண்ட வெள்ளைச் சீஸ் வையுங்கோ. இன்னொரு போத்தில் உடைக்கச் சொல்லிக் கேப்பினம், பாருங்கோ."

சில்வெஸ்டர் அசந்துபோனான். வைனுக்கென்றே பள்ளிக்கூடம் போய் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவளாக இருக்க வேண்டும்!

இரண்டரை மணி நேரம் சமையலறையில் பம்பரமாகச் சுழன்றான். சாப்பாடு போனதும் கதவின் வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். வெள்ளை மீசைக்காரக் கிழவர் ஒருவர் வாத்தில் ஒரு துண்டை வாயில் வைத்தார். ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

கிழவர் கண்ணைத் திறந்து, இன்னொரு துண்டை வெட்டினார்.

சீஸ் போனபோது ஐந்தாவது போத்தலும் போனது. சற்று நேரத்தில் கிழவரே சமையலறைக்குள் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விழா விருந்து இங்கேதான்! யார் ஐயா இதையெல்லாம் பொருத்திப் பார்த்தது?"

சில்வெஸ்டர் ஒளிக்காமல் சொன்னான். கிழவர் சொன்ன பதிலைக் கேட்டதும் தொலைபேசிக்கு ஓடினான்.

"அக்கா, வெண்டிட்டம்! விருந்து எங்களுக்குத்தான்! இன்னொண்டு கேளுங்கோ. பீப்பாயில இருக்கிற புது வைனை இந்த முறை முதல்முதல் நீங்கள்தான் குடிச்சுப் பாத்து ருசி சொல்ல வேணுமாம்!"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"நல்ல கதை! அந்தச் சாமானை நான் இண்டைவரைக்கும் ஒரு சொட்டுக்கூட வாயில வைச்சதில்லை. நான் அங்கை கோப்பை கழுவுறனான் அண்ணை. ஆறு வருசமா, எந்தச் சாப்பாட்டோட போன வைன் கிளாஸ் வெறுமையாத் திரும்பி வருதெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், அவ்வளவுதான்!"