ஏலத்துக்குப் போகாதவர்கள்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, பதினோரு வீட்டுக்காரர்களும் மைக் அக்கா வீட்டு ஹாலில் கூடிச் சத்தியம் செய்தார்கள்.

தையல் கடை வைத்திருக்கும் அவளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையே இல்லை, மூன்று தெரு தள்ளியும் காதில் விழும்.

"நல்லாக் கேட்டுக்குங்க! நம்ம ரொட்டிக்காரர் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாம வீட்டை கவர்மென்ட் எடுத்துக்கிச்சு. நாளைக்கு ஏலம். யாருமே கேக்கலைன்னா, பாக்கியைக் கட்டி மீட்டுக்க அவருக்கு இன்னும் ஆறு மாசம் கிடைக்கும். ஒரே ஒரு கை தூக்கினாலும் வீடு போச்சு. அதனால இந்தத் தெருவுலேர்ந்து ஒரு ஈ காக்கா அந்த ஆபீஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது!"

"அடுத்தவன் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு?" என்றார் ரிட்டயர்டு வாத்தியார்.

"அந்த வீட்ல போய்ப் படுத்தா தூக்கம்தான் வருமா?" என்றாள் நர்ஸம்மா.

எல்லோரும் கலைந்த பிறகு, மைக் அக்கா வாழ்க்கையில் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க, நம்ம பொண்ணு மாமியார் மாமனாரோட ஒரே ரூம்ல முட்டிக்கிட்டுக் கிடக்கா. வீடு பாதி விலைக்குப் போகுது. எப்படியும் எவனோ ஒரு வெளியாள் வாங்கத்தான் போறான். அது நாமளா இருந்தா என்ன?"

"இப்பத்தானேடி சத்தியம் பண்ணினே?"

"சத்தியம் தெருவோடது. பொண்ணு என்னோடது."

மறுநாள் காலை, புருஷனின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பணம் இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏல ஹாலுக்குள் நுழைந்தாள்.

கடைசி வரிசையில், சுள்ளென்ற வெயில் காலத்தில் மழைக்கோட்டும் குல்லாவுமாக ஓர் உருவம்.

"வாத்தியாரே?"

"சொத்து வரி கட்ட வந்தேம்மா."

"அது கீழ் மாடி."

"அதான் தேடிக்கிட்டிருக்கேன்."

"உக்காந்துகிட்டேவா?"

"சரி, நீ எதுக்கு வந்தே?"

"நீங்க வருவீங்களோன்னு பார்க்க வந்தேன்!"

தூணுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நர்ஸம்மா. இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு பி.பி. பார்க்க வந்தாளாம். எலெக்ட்ரீஷியன் ஃபேன் ரிப்பேருக்காம். ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் தெருவே வந்து சேர்ந்துவிட்டது. பேசி வைத்திருந்தால் ஒரே வண்டியில் வந்திருக்கலாம். வெளியாள் ஒருவர்கூட இல்லை.

அதிகாரி வந்தார். "முன்பணம் கொண்டு வந்தவங்க மட்டும் இருங்க. வேடிக்கை பார்க்க வந்தவங்க வெளியே போகலாம்."

ஒருவரும் அசையவில்லை. ஆளுக்கொரு பை மடியில்.

"சரி, கேக்கறவங்க கை தூக்குங்க."

மைக் அக்காவின் வலது கை துறுதுறுத்தது. வாத்தியார் அந்தக் கையையே முறைத்தார். அவள் நர்ஸம்மாவின் கையை முறைத்தாள். நர்ஸம்மா எலெக்ட்ரீஷியனை. இப்படி ஆளுக்காள் அடுத்தவர் கைக்குக் காவல் இருந்ததில், ஒரு கைகூட மேலே போகவில்லை.

"கடைசியாக் கேக்கறேன்…"

கதவு திறந்தது. ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். அவர் முகங்களைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். கை கூப்பினார்.

"எனக்காக இத்தனை பேரா? என் பாக்கியைக் கட்டப் பணத்தோடயேவா வந்துட்டீங்க?"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

மைக் அக்கா வாயைத் திறந்தாள். மைக் வேலை செய்யவில்லை.

வாத்தியார்தான் முதலில் சுதாரித்தார். "பின்னே? வேற எதுக்கு வந்தோம்னு நினைச்சே?"

"அதானே!" என்றாள் நர்ஸம்மா.

"அக்காதான் ஐடியா குடுத்தாங்க," என்று எலெக்ட்ரீஷியன் கை காட்டினான்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு தெருவைப் பார்த்ததில்லை. பாக்கியை இன்னிக்கே கட்டறதுன்னா ஏலமே வேண்டாம். கவுன்ட்டர் வெளியே இருக்கு."

வரிசையில் நின்றார்கள். சாவுக்கு வந்தவர்கள்கூட அதைவிடச் சிரித்த முகமாக இருப்பார்கள். மைக் அக்கா மெல்ல ரொட்டிக்காரர் பக்கம் நகர்ந்தாள்.

"அவசரமில்லே தம்பி. ஆனா கொஞ்சம் சீக்கிரம் திருப்பிக் குடு. பொண்ணுக்கு வீடு பார்க்கணும்."

"உங்களுக்குத்தான் அக்கா முதல்ல."

பிறகு அவர் இன்னும் கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நேத்து சத்தியம் பண்ணின கையோட ஒவ்வொருத்தரா என் கடைக்கு வந்தீங்க. பன் வாங்கற சாக்குல, எங்க வீட்டு மாடிக்குத் தண்ணி ஏறுமான்னு எல்லாருமே கேட்டீங்க. அதான் இன்னிக்கு எட்டு மணிக்கே வந்து, எல்லாரும் பையோட உள்ளே போய் உக்காரட்டும்னு மாடிப்படி அடியில காத்துக்கிட்டிருந்தேன்."

மே மாதம் ஆறாம் தேதி மைக் அக்காவின் மகள் அந்த வீட்டு மாடிக்குக் குடி வந்தாள். ரொட்டிக்காரர் அட்வான்ஸ் வாங்கவில்லை.