மடக்குக் கத்தி மூடும் சத்தம்

மாலை வெயில், மேசைமேல் விரித்த பழைய துண்டில் விழுகிறது. எண்ணெய்ப் புட்டி, தேய்ந்த பல்துலக்கி, துருப் படிந்து கறுத்த பஞ்சு, நடுவில் அறுபது வயதான மடக்குக் கத்தி. "இங்க வாயேன், கொஞ்சம் காது குடு!" என்று கணவர் கூப்பிடுகிறார். பழைய கத்தி சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. மூடும்போது 'டக்'கென்று சத்தம் வந்தால்தான் உள்ளே ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். காது கேட்க வைத்திருந்த காதுக் கருவியைப் போன மாதம் பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கத்திக்கும் மனைவியின் காதுதான். "ஒரு தக்காளி நறுக்க லாயக்கில்ல, இதுக்குப் போய் இவ்ளோ சீராட்டு" என்று முணுமுணுத்தபடி சோப்புக் கையோடு வந்து குனிகிறாள். மூடுகிறார். "கரகரங்குது!" என்று கத்துகிறாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி மூடுகிறார். டக். அவள் புருவம் உயர்வதைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் பல். கத்தியைச் சுற்றிவைக்கத் துணி தேடி இழுப்பறையைத் திறக்கிறாள். துணிக்கு அடியில், தொலைந்துபோன காதுக் கருவி சமர்த்தாகப் படுத்திருக்கிறது. அவர் இன்னும் கத்தியையே கொஞ்சிக்கொண்டிருக்கிறார். காதும் காதும் வைத்தாற்போல் இழுப்பறையை மூடிவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்கிறாள். "சரியாக் கேக்கல. இன்னொரு தடவ மூடுங்க."