சோடியமும் அதன் பரிவாரமும்

ஒரு நீளத் தொட்டியின் அடியில் கெட்டியான உப்புத் தண்ணீர் கிடந்தது. அதன் நடுவில் சோடியமும் குளோரைடும் இடிபட்டுக்கொண்டிருந்தன. தொட்டியின் இரு கோடியிலும் மின்சாரத் தகடுகள் இருந்தன. சோடியம் ஒரு தகட்டுக்கும் குளோரைடு எதிர்த் தகட்டுக்கும் போயாக வேண்டும்.

“நீ அந்தப் பக்கம் இழுக்கிறதாலதான்டா என்னால நகர முடியல. நீ தொலைஞ்சா தெரியும் என் வேகம்!” என்று சோடியம் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்தது.

ஒருநாள் யாரோ தொட்டி நிறையத் தண்ணீர் விட்டார்கள். இரண்டும் வெகுதூரம் விலகிப்போயின.

“ஒழிஞ்சான் பாவி!” என்று சோடியம் துள்ளிக் கிளம்பியது.

சற்று நேரத்தில் எதிர்க்கோடியிலிருந்து குரல் வந்தது: “அண்ணே, நான் வந்து சேர்ந்துட்டேன். நீங்க?”

சோடியம் அப்போதுதான் பாதி வழி தாண்டியிருந்தது. ஐந்தாறு நீர் மூலக்கூறுகள் அதன் தோளிலும் இடுப்பிலும் தொங்கிக்கொண்டு வந்தன.

“அந்தக் கூட்டத்தை உதறிட்டுப் போங்கண்ணே!”

“நாலு பேர் கூட வராம நான் எங்கடா போயிருக்கேன்? என் மரியாதை என்ன ஆகுறது?”

“அப்ப லேட்டாகத்தானே செய்யும்?”

“ஆகாதா பின்னே? போற ஆளை நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தா!” என்றது சோடியம்.