சாவி சாரின் இரங்கல் கூட்டம்

“ஹால் சாவியைக் காணோம் சார்!”

புதுப் பதிவாளர் அம்மா வந்து சொன்னதும் முதல்வர் பூட்டை இழுத்துப் பார்த்தார். கூட்டம் ஆரம்பிக்க வேண்டிய நேரம். பூட்டிய கதவுக்கு முன்னால் மொத்தக் கல்லூரியும் நிற்கிறது.

நடக்கப்போவது பழைய பதிவாளருக்கு இரங்கல் கூட்டம். முப்பது வருஷம் அந்த ஆபீஸைக் கட்டி மேய்த்த மனிதர். தங்கமானவர்தான், ஆனால் எப்போது பார்த்தாலும் ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பார். கல்லூரி முழுக்க அவருக்கு ‘சாவி சார்’ என்றுதான் பெயர்.

“மாத்துச் சாவி?”

“ரெண்டையும் ஒரே வளையத்துலதான் சார் கோத்து வெச்சிருந்தேன்.”

“நல்லா கோத்தீங்க, போங்க!”

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வர் சற்று முன்புதான், “சாரோட வீட்டம்மா ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டாங்களாம், கொஞ்சம் பொறுத்து…” என்று இழுத்துப் பார்த்திருந்தார். “யாருக்காகவும் காத்திருக்கிற பழக்கம் எனக்கில்ல. படத்தைத் திறந்துட்டு நான் கிளம்பணும்” என்று தாளாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கணவன் படத்தைத் திறக்கும்போது மனைவி இல்லாமல் எப்படி? முதல்வருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தாளாளரை எதிர்த்துப் பேச வாயும் வரவில்லை.

“பூட்டை உடைங்க!” என்றார் தாளாளர்.

“போன மாசம்தான் நீங்க வாங்கிக் கொடுத்தீங்க சார். விலை ஜாஸ்தி” என்றார் நூலகர்.

“அப்ப வேணாம். தேடுங்க.”

தேடினார்கள். பூந்தொட்டிகளை நகர்த்தினார்கள். மிதியடியை உதறியதில் ஆளாளுக்குத் தும்மினார்கள். கணக்குப் பேராசிரியர் பெஞ்சுக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்ள, சாவியை விட்டுவிட்டு அவரை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

“சாவி சார் பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்” என்று யாரோ சொன்னதுதான் தாமதம், குபீரென்று சிரிப்பு கிளம்பியது.

“பரீட்சை ஹால் சாவியை ஒரு தடவை தொலைச்சாரே, ஞாபகம் இருக்கா? காலேஜே தேடுது. கடைசியில அவர் சட்டைப் பையிலயே இருக்கு!”

“லேப் சாவி காதுல இருந்துச்சுய்யா! பென்சில் சொருகுற மாதிரி சொருகி வெச்சிருந்தார்!”

இரங்கல் கூட்டம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. முதல்வருக்கும் தொற்றிக்கொண்டது.

“என் கதையைக் கேளுங்க. இங்க இன்டர்வியூவுக்கு வர்றேன், வழியில சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கிட்டே ஓடி வர்றேன். கதவைத் திறந்து ஆரம்பிச்சுட்டா அப்புறம் வர்றவங்களைச் சேத்துக்க மாட்டாங்க. போச்சுடா வேலைன்னு வந்து பாத்தா, எல்லாரும் வராந்தாவுல நிக்கறாங்க. சார் சாவியைத் தொலைச்சுட்டாராம்! நான் மூச்சு வாங்கி முடிக்கலை, ‘இதோ இருக்கு’ன்னு ஆபீஸ் உள்ளேர்ந்து ஒரு சத்தம். அவரோட மறதி, என்னோட அதிர்ஷ்டம்!”

“அன்னிக்கு நின்னு நின்னு எனக்குக் கால் கடுத்துப் போச்சுய்யா” என்று தாளாளரே சிரித்துவிட்டார்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. சாவி சாரின் மனைவி இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வேகவேகமாகப் படியேறினார்.

“கிடைச்சுடுச்சு!” என்று பதிவாளர் அம்மா சாவியை உயர்த்திக் காட்டினார்.

கைதட்டலும் விசிலுமாகக் கதவு திறந்தது. சிரித்த முகம் மாறாமலே தாளாளர், “நீங்களே திறங்கம்மா” என்று திரைக் கயிற்றைச் சாவி சாரின் மனைவியிடம் கொடுத்தார். படத்தைப் பார்த்து அவர் அழுதார். கூட்டத்தின் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

கூட்டம் முடிந்ததும் முதல்வர் பதிவாளர் அம்மாவைத் தனியே பிடித்தார்.

“எங்கதாம்மா இருந்துச்சு சாவி?”

“என் கைப்பையிலதான் சார்.”

“கையில வெச்சுக்கிட்டேவா எங்களைத் தேட விட்டீங்க? அவர்கிட்ட டைப்பிஸ்ட்டா சேந்து இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டது இதுதானா?”

“இதுதான் சார்” என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். “யாராவது அடிச்சுப் பிடிச்சு ஓடி வர்றது ஜன்னல் வழியா தெரிஞ்சா போதும், சாருக்குச் சாவி தொலைஞ்சுடும். நீங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்த அன்னிக்கும், சாவியை என் கையில கொடுத்துட்டுதான், ‘நல்லாத் தேடும்மா’ன்னார்.”