முகம் தெரியும் உயரம்

“யாரைப் பிடிக்கணும்?”

கேமராக் கடைக்காரர் எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கம்பெனி, விலை எல்லாம் அப்புறம்.

கடைத்தெருவில் அவருக்குக் கழுகு என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு என்ன தேவை என்று தனக்குத் தெரிந்துவிடும் என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும்.

எதிரே நின்ற அம்மாள் யாரையும் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ராத்திரியில் வாசலுக்கு ஒருவன் வருகிறான், அவன் முகம் தெரிய வேண்டும் என்றாள். கைப்பேசியை நீட்டினாள்.

பழைய கேமரா எடுத்த படம் ஓடியது. இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒருவன் வந்து நிற்கிறான். குனிந்து உட்கார்ந்து கம்பிகளுக்கு இடையில் கையை விடுகிறான். உள்ளே கேட்டை ஒட்டிய கூண்டருகே நிற்கிற நாய் குரைக்கவில்லை, வாலை ஆட்டுகிறது. கொஞ்ச நேரம் போனதும் எழுந்து போய்விடுகிறான்.

கழுகு சிரித்துவிட்டார். “முதல்ல நாயை மாத்துங்கம்மா. கேமராவை அப்புறம் மாத்திக்கலாம்.”

அம்மாள் சிரிக்கவில்லை.

குற்றம் கேமராவின் மேல் இல்லை, மாட்டியவன் மேல்தான் என்றார் அவர். முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு அது. கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டிவிட்டால் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. எல்லாம் தெரியத்தான் செய்யும், முகத்தைத் தவிர.

படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார். ஒட்ட வெட்டிய முடி. உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழி. ரெட்டைச் சுழிக்காரன் சேட்டைக்காரன் என்று சும்மாவா சொன்னார்கள் என்றார். ஆனால் சுழியை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

அம்மாளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. தன் பேச்சு எடுபடுகிறது என்று கழுகு நினைத்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் சன்னலை அடைத்து இருட்டாக்கிய ஓர் அறை உண்டு. ராத்திரிக் கேமராவைப் பகலில் விற்க அவர் கண்டுபிடித்த வழி. அங்கே கூட்டிப்போய் முதலில் கடையிலேயே உசத்தியானதைக் காட்டினார். ஆள் வந்ததும் பளிச்சென்று விளக்கு எரியும், முகம் கலரில் விழும்.

விளக்கு எரியவே கூடாது என்றாள் அம்மாள். ஒரு தடவை வாசல் விளக்கைப் போட்டதற்கே எடுத்தான் ஓட்டம். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

சரியான பயந்தாங்கொள்ளித் திருடன் என்றார் கழுகு.

அடுத்தது விளக்கில்லாதது. அவர் கிட்டே போய்க் காட்டியதும் அதில் அவர் முகம் மாவு அப்பியதுபோல் வெளுத்துப்போனது. அம்மாள் திரையருகே குனிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தால் இதில் தெரியுமா என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தால்? தாடி எத்தனை நாள் தாடி என்று?

அங்க அடையாளத்தில் எத்தனை கறார் என்று கழுகுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. விலையைக்கூட மறந்துவிட்டார். மூன்றாவதை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஆள் நெருங்க நெருங்கத் தானே அடங்கும். அதைச் சுவரில் மாட்டவில்லை, முழங்கால் உயரத்தில் ஒரு முக்காலியின் மேல் வைத்தார்.

“அவன் குனியறது நாய்கிட்டதானே? நாய்க்கூண்டு மேல வெச்சுடுங்க. நேரா இதுலதான் வந்து முழிப்பான்.”

சொன்னதோடு நில்லாமல், தானே திருடனாகி முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, இல்லாத நாயைத் தடவிக் கொடுத்தார். திரையில் அவருடைய முகம் நிறைந்தது.

அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ராத்திரி சரியாத் தூங்கல போலிருக்கே தம்பி.”

கழுகு திகைத்துப்போனார். உண்மைதான். மகளுக்குக் காய்ச்சல், விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கடைக்கு வந்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“இதையே குடுங்க,” என்றாள் அம்மாள்.

கழுகு பெட்டியைப் பையில் வைத்தார். எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிற ஸ்டிக்கரையும் போட்டார். ‘இந்த இடம் கேமராக் கண்காணிப்பில் உள்ளது.’ இதை கேட்டில் ஒட்டினாலே பாதிப் பேர் கிட்ட வரமாட்டார்கள் என்றார். பையின் வாயைக் கட்டினார்.

“இனிமே அவன் யாருன்னு தெரிஞ்சுடும்மா.”

“யாருன்னு தெரியாமலா தம்பி? அந்தச் சுழிக்கு எண்ணெய் வெச்சு வளத்ததே நான்தானே.”

அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னாள்.

“இந்த வாசப்படிய மிதிக்காதேன்னு அவங்கப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. அவனும் மிதிக்கல. போன் பண்ணினா நல்லா இருக்கேன்னு சொல்லி வெச்சுடறான். மூஞ்சியப் பாத்தாத்தானே தெரியும்?”

நாயை மாற்றச் சொன்ன நாக்கைக் கழுகு கடித்துக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும்.

கட்டிய பையை மறுபடி அவிழ்த்தார். ஸ்டிக்கரை வெளியே எடுத்து மேசைக்குள் போட்டார்.