கண்ணில் ஏறியது

உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தும் எந்தக் கங்காணி முன்னாலும் தலை குனியாத அமலோற்பவத்தை, டாக்டர் பத்து நாள் குனியவைத்துவிட்டார். பிரிந்து வந்த விழித்திரையை ஒட்டிவிட்டுக் கண்ணுக்குள் வாயுவை அடைத்திருந்தார்கள். முகம் தரையைப் பார்த்தே இருந்தால்தான் அந்தக் குமிழ் திரையை அழுத்திப் பிடிக்கும்.

நான்காம் நாள் மத்தியானம் கண்ணுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு தரம் வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "பிரஷர் ஏறியிருக்கும், உடனே வாங்க" என்றாள் நர்ஸ்.

புருஷன் சவரிமுத்து பக்கத்து வீட்டு மெஷினை வாங்கிவந்து அவள் கையில் பட்டையைச் சுற்றினார்.

"நூத்தியிருபதுக்கு எம்பது. ஒண்ணுமில்ல. எதுக்கும் இன்னைக்கு உப்பில்லாக் கஞ்சி. பேசாம குனிஞ்சு கெட."

"கையில இல்ல, கண்ணுல ஏறியிருக்கு."

"கண்ணுல எப்படிடீ பிரஷர் ஏறும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே தெருமுனை வரை நடந்து ஆட்டோவை நிறுத்தினாள். பின்னாலேயே ஓடிவந்து ஏறினார் அவர்.

டாக்டர் கண்ணை அளந்தார். "நாப்பத்தெட்டு. இருபத்தொண்ணைத் தாண்டக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா நரம்பு செத்திருக்கும்." ஊசியால் கொஞ்சம் வாயுவை எடுத்தார். வலி இறங்கியது. "இன்னும் ஆறு நாள் குனிஞ்சுதான் இருக்கணும்" என்றார்.

வீட்டில் சவரிமுத்து சத்தமில்லாமல் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தரையில் தெரிந்த அவர் கால்வரைக்கும் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"உப்புப் போட்டுக் கொண்டாங்க."